சிமெண்ட் கிடங்கில் ஒரு நிலா

எங்கள் நாடகத்தில் டெலிவிஷன் பெட்டிகள் இரண்டு இருந்தன. நடித்தவர்கள் மூன்று பேர். பார்க்க வந்தவர்கள் நானூற்றுக்குச் சற்றுக் குறைவு. நான் எண்ணினேன், ஆனால் இடுப்புக் குழந்தைகளைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்ற குழப்பம் இன்றுவரை தீரவில்லை. இத்தனை பேரில் டெலிவிஷன் என்ற பொருளைக் கண்ணால் பார்த்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அந்த நாடகத்தை எழுதிய இன்ஜினியர்.

இப்போது ஓசூரில் என் வீட்டுச் சுவரில் தொங்கும் டெலிவிஷனில் எத்தனை சேனல் வருகிறது என்று எண்ணப் புகுந்து, இருநூற்றுப் பன்னிரண்டில் விரல் வலித்து விட்டுவிட்டேன். ஒன்றிலும் உருப்படியாக எதுவும் இல்லை. பாதி நேரம் படம் நின்றுபோகிறது. கேபிள்காரரிடம் சொன்னால் மழை என்கிறார். வானத்தைப் பார்த்தால் மேகமே இருப்பதில்லை. எங்கள் பெட்டிகள் ஒருதரம்கூட நின்றதில்லை. உள்ளே ஆள் இருந்தார்கள்.

ஐம்பதுகளின் நடுவில், கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் தென்பெண்ணைக்குக் குறுக்கே அணை எழுந்துகொண்டிருந்தது. நான் அங்கே டைம்கீப்பர். காலையிலும் மாலையிலும் வேலைக்கு வந்தவர்களைத் தலை எண்ணிப் பதிவது என் உத்தியோகம். மண் வேலைக்காரர்கள் தெலுங்கு பேசினார்கள், கல் உடைப்பவர்கள் கன்னடம், கட்டு வேலைக்காரர்கள் தமிழ். மூன்று மொழியிலும் எண்களை மட்டும் நான் பிழையில்லாமல் கற்றுக்கொண்டேன். மற்றபடி சிரித்துச் சமாளித்தேன்.

இன்ஜினியருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். பயிற்சிக்காக இரண்டு வருஷம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே அவர் குடியிருந்த வீட்டுக்காரம்மாளிடம் ஒரு டெலிவிஷன் பெட்டி இருந்ததாம். வாரத்துக்கு ஒரு இரவு அதில் ஒரு கதை வரும். ஒவ்வொரு வாரமும் புதுக் கதை, புது ஆட்கள். எல்லாம் இனிமேல் நடக்கப்போகிற காலத்துக் கதைகள்: எந்திர மனிதர்கள், வேறு கிரகம், கடலுக்கடியில் ஊர். நடிகர்கள் அந்த நேரத்திலேயே எங்கோ ஓர் அறையில் நின்று நடிப்பார்கள், அது அப்படியே வீட்டுக்குள் தெரியும். தவறிப் பேசினால் ஊரே பார்த்துவிடும். இதை அவர் எங்கள் கிளப்பில் சீட்டாடும்போதெல்லாம் சொல்லுவார். சீட்டுப் போடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அணை வேலை முடியும் தறுவாயில் இரண்டாவது சிமெண்ட் கிடங்கு காலியானது. அதைக் கேட்டு வாங்கி, ஐந்து சனிக்கிழமைகளில் ஐந்து கதை போடுவதாக இன்ஜினியர் அறிவித்தார். மேடை கிடையாது. கான்கிரீட் ஊற்ற அடிக்கும் பலகைகளால் ஆள் உயரப் பெட்டி; முகப்பில் மார்பளவு தெரியும்படி ஒரு திறப்பு; அதன் மூலைகளை வளைத்து அலுமினிய வண்ணம்; கீழே இரண்டு மரக் குமிழ்கள். உள்ளே ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. அதன் வெளிச்சத்தில் ஒருவர் நின்று பேசினால் அதுதான் டெலிவிஷன். பலகைப் பெட்டிக்குள் எரியும் விளக்கு என்றதும் எனக்குத் தூக்கம் போயிற்று. பெட்டிக்கு இரண்டு வாளி மணல் கொண்டுபோய் வைத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் வைத்தேன்.

முதல் வாரக் கதையில் ஓர் எந்திர மனிதன் ஆயிரம் பேர் வேலையைத் தனியாகச் செய்தான். மண் சுமக்கும் பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இவன் வந்தால் நமக்கு யார் கூலி கொடுப்பார்கள் என்று எழுந்து போய்விட்டார்கள். இரண்டாம் வாரம், கடலுக்கடியில் மூழ்கிப்போன நகரத்தின் கடைசி மனிதனாக எங்கள் ஸ்டோர் கிளார்க் நடித்தார். அவர் மதுரைப் பக்கத்துக்காரர். சிறு வயதில் நாடகக் கம்பெனியில் இருந்தவர். பெரிய தலை, பெரிய மீசை, பெரிய குரல். கடைசிக் காட்சியில் அவர் செத்துக்கொண்டே இருந்தார். முடியவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன், "யோவ், சீக்கிரம் சாவுய்யா, பஸ்ஸு போயிடும்!" என்று கத்தினான். கிடங்கே சிரித்தது. ஸ்டோர் கிளார்க் ஒரு வாரம் யாருக்கும் ஆணி, கம்பி எதுவும் ஒழுங்காகக் கொடுக்கவில்லை.

மூன்றாவது கதைதான் எங்களுடையது. ஒருவன் தனியாக நிலாவுக்குப் போகிறான். திரும்ப வர ராக்கெட் வேலை செய்யவில்லை. மூச்சுவிடக் காற்று குறைந்துகொண்டே வருகிறது. பூமியில் இருக்கும் மனைவியுடன் டெலிவிஷனில் பேசுகிறான். நடுவில் ஓர் அதிகாரி உட்கார்ந்து, இன்னும் எவ்வளவு காற்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்த அதிகாரி நான். என்னை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நிலா மனிதன் ஸ்டோர் கிளார்க். மனைவி வேஷத்துக்கு மீசை எடுத்த ஆண் வேண்டாம், பெண்ணேதான் வேண்டும் என்று இன்ஜினியர் பிடிவாதமாக இருந்தார். யார் வருவார்கள்?

முகாம் டிஸ்பென்சரி நர்ஸ் வந்தார். இருபத்திரண்டு வயது. கத்தோலிக்கக் குடும்பம், கோயிலில் பாடுகிற குரல். நாங்கள் எல்லோரும் அவரை சிஸ்டர் என்போம். அவருடைய அப்பா அதே அணையில் கல் கட்டு மேஸ்திரி.

அவர் வந்ததற்குக் காரணம் இருந்தது. இன்ஜினியரின் கல்லூரி நண்பர் சென்னையில் வானொலி நாடகப் பிரிவில் இருந்தார். மூன்றாவது சனிக்கிழமை அவர் பெங்களூர் போகும் வழியில் கிருஷ்ணகிரியில் இறங்கி எங்கள் நாடகத்தைப் பார்ப்பதாகவும், தேறுகிற ஆள் இருந்தால் குரல் சோதனைக்குக் கூப்பிடுவதாகவும் எழுதியிருந்தார். இதைக் கிளப்பில் சொன்னபோது, தன்னைத்தான் கூப்பிடப்போகிறார்கள் என்று ஸ்டோர் கிளார்க் மீசையைத் தடவிக்கொண்டார். மறுநாள் காலை சிஸ்டர் இன்ஜினியர் முன்னால் போய் நின்றார்.

அணை முடிந்தால் டிஸ்பென்சரியும் மூடிவிடும். அதன் பிறகு அவருக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். காட்டோரம் நிலம், ராகி, துவரை, யானைத் தொல்லை. அதைப் பற்றி என்னிடம் ஒருநாள், என் கட்டைவிரலில் மருந்து வைத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "நல்ல மனுஷருதாங்க, டைம்கீப்பர். குறை ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா அங்க போய் நான் பேசினா யானைக்குத்தான் கேக்கும்."

மேஸ்திரியைச் சம்மதிக்க வைக்க இன்ஜினியரே போனார். நானும் கூடப் போனேன். மேஸ்திரி கையிலிருந்த கொலுறுக் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"பொம்பளப் புள்ளைய ஆம்பளையோட ஒரே மேடையில நிறுத்த மாட்டனுங்க."

"மேடையே இல்ல, மேஸ்திரி. கிடங்குக்கு அந்தக் கோடியில ஒரு பெட்டி, இந்தக் கோடியில ஒரு பெட்டி. உங்க பொண்ணு பூமியில. அவரு நிலாவுல. நடுவுல ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் மைல்."

"கெடங்குல எவ்ளோங்க?"

"எழுபது அடி."

மேஸ்திரி டேப்பை எடுத்துக்கொண்டு வந்து தானே அளந்தார். "அறுபத்தெட்டுதான் கீது. சரி, பரவால்ல" என்றார். பிறகு இரண்டு நிபந்தனை சொன்னார். மகள் நிற்கும் பெட்டி பெண்கள் உட்காரும் பக்கத்தில் இருக்க வேண்டும். கூட்டத்தில் எவனாவது ஏடாகூடமாக வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே மகளை இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதன் பிறகு நாடகம், வானொலி என்று யாரும் தன் வாசலில் வந்து நிற்கக் கூடாது.

இன்ஜினியர் ஒப்புக்கொண்டார். கிடங்கின் ஒரு கோடி சாலைப் பக்கம். பெண்கள் அந்தக் கதவு வழியாக வந்து அந்தப் பாதியில் உட்காருவார்கள். மறு கோடி ஆற்றுப் பக்கம்; அது ஆண்களுக்கு. பூமி இடது கோடியில், நிலா வலது கோடியில் என்று இன்ஜினியர் காகிதத்தில் எழுதித் தச்சர்களிடம் கொடுத்தார்.

இங்கேதான் கோளாறு. அணையில் வேலை செய்பவர்கள் இடது, வலது என்றால் ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றுதான் சொல்லுவார்கள். அது எங்களுக்குப் பழகிப்போய், சாப்பாட்டுப் பந்தியில்கூட அப்படித்தான் இடம் வலம் சொல்லுவோம். கிருஷ்ணகிரியிலிருந்து புதிதாக வந்த தச்சர்களுக்கு இது தெரியாது. அவர்கள் கிடங்கின் நடுவில் இருந்த லாரி வாசலில் நின்று உள்ளே பார்த்து இடது வலது கணக்கிட்டார்கள். அந்த வாசலில் நின்றால் ஆறு வரும் திசையைப் பார்க்க வேண்டும். எல்லாம் தலைகீழாயிற்று. பூமி ஆண்கள் பக்கம் போயிற்று. நிலா பெண்கள் பக்கம் வந்தது.

ஒத்திகை எல்லாம் கிளப்பில் நடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமை பிற்பகல் மேஸ்திரி வந்து பார்த்துத்தான் தெரிந்தது.

"ஆம்பளைங்க நடுவுல எம்பொண்ணு நிக்கணுமா? அப்ப வேணாம், வுடுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

நான் பெட்டிகளைச் சுற்றி வந்து பார்த்தேன். பெட்டிக்கு நாற்பத்தாறு ஆணி, எல்லாம் தூணோடு சேர்த்து அடித்தவை. நிலாப் பெட்டிக்குப் பின்னால் கிடங்குச் சுவரிலேயே சுண்ணாம்பும் சிமெண்டும் குழைத்து மேடு பள்ளம் பூசியிருந்தார்கள். அதைக் கழற்ற முடியாது. அப்படியானால் கூட்டத்தை இடம் மாற்றலாம் என்றார் இன்ஜினியர். முடியாது என்று நான் காட்டினேன். பெண்கள் மத்தியானமே வந்து பாய்களைப் போட்டு இடம் பிடித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஐம்பத்து மூன்று பாய். அதில் ஒன்றை ஒரு முழம் நகர்த்தினாலும் மூன்று மொழியில் சண்டை வரும்.

சிஸ்டர் டிஸ்பென்சரியிலிருந்து உடுப்புகூட மாற்றாமல் ஓடிவந்திருந்தார். பெட்டிகளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"பெட்டிய மாத்த முடியாதுன்னா ஆள மாத்தலாமே, சார்?"

"எப்படி?"

"நான் நிலாவுக்குப் போறேன். ஸ்டோர் அண்ணன் வீட்டுல இருக்கட்டும்."

இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். "நிலாவுக்குப் பொம்பளைய யாரும்மா அனுப்புவாங்க?"

"ஆம்பளைய மட்டும் யாரு அனுப்பிட்டாங்க, சார்?"

அதற்கு அன்றைக்கு உலகத்தில் யாரிடமும் பதில் கிடையாது. ஆனால் ஸ்டோர் கிளார்க்குக்கு முகம் சிவந்துவிட்டது. நிலா மனிதனுக்காக அவர் சாக்கில் உடுப்புத் தைத்து, ஒரு சின்ன அலுமினிய அண்டாவை வெட்டித் தலைக்கவசமும் செய்து வைத்திருந்தார்.

"ஏன் சிஸ்டர், நான் வீட்டுல ஒக்காந்து அழணும், நீங்க நிலாவுல நின்னு வசனம் பேசணும், அப்படித்தானே? என் வசனம் ஒங்களுக்குத் தெரியுமா மொதல்ல?"

சிஸ்டர் சொல்ல ஆரம்பித்தார். ஒத்திகைகளில் காயத்துக்குக் கட்டும் துணியைச் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர். ஒரு பக்கம் முழுவதும் தடங்கலில்லாமல் சொன்னார். ஸ்டோர் கிளார்க் நடுவில் ஓர் இடத்தில் திருத்தப் பார்த்தார். இன்ஜினியர் பிரதியைப் புரட்டிவிட்டு, "அவங்க சொன்னதுதான் சரி" என்றார்.

"இருந்தாலும் நான் அழமாட்டேன். எனக்கு அழுகுற வேஷம் பழக்கமில்ல."

மேஸ்திரி கதவருகே நின்றபடியே திரும்பினார். "தம்பி, போன வாரம் நீங்க செத்தப்ப ஜனங்க சிரிச்சாங்களே. இந்த வாரம் அழுதுதான் பாருங்களேன். சிரிப்பு மாறினாலும் மாறும்."

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஸ்டோர் கிளார்க் எல்லோரையும் முறைத்தார். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். அண்டாவைச் சிஸ்டரிடம் நீட்டினார். அது அவர் தலையில் கழுத்து வரை இறங்கியது.

"எம்பொண்ணு தலையில சோத்து அண்டாவைக் கவுக்கவேணாம்" என்றார் மேஸ்திரி. சாக்கு உடுப்பும் பெரிது. அதனால் நர்ஸ் உடுப்பிலேயே, வெள்ளைத் தொப்பியோடு நிலாவுக்குப் போவதென்று முடிவாயிற்று. நிலாவில் தொப்பியோடு எப்படி மூச்சுவிடுவது என்று இன்ஜினியர் முனகினார். பென்சிலை எடுத்து, மனைவி என்று வரும் இடமெல்லாம் கணவன் என்று திருத்த உட்கார்ந்தார். நான்கு பக்கத்தோடு விட்டுவிட்டு, "நீங்களே பாத்துப் பேசிக்கோங்க" என்று எழுந்துவிட்டார்.

பொழுது சாயும்போது நாடகம் தொடங்கியது. கிடங்கின் நடுவில் என் மேசை. எனக்குப் பக்கத்து நாற்காலியில் வானொலிக்காரர். கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். அவருக்கு அடுத்து மேஸ்திரி. துண்டு மடியில் இருந்தது. கண் ஆண்கள் கூட்டத்தின் மேல் இருந்தது.

ஆற்றுப் பக்கப் பெட்டியில் விளக்கு எரிந்தது. ஸ்டோர் கிளார்க்கின் பெரிய மீசை தெரிந்ததும் ஆண்கள் சத்தம் போட்டார்கள். பிறகு சாலைப் பக்கப் பெட்டியில் விளக்கு. வெள்ளைத் தொப்பியைப் பார்த்ததும் பெண்கள் பக்கத்தில், "அடியே, நம்ம நர்ஸம்மா!" என்று ஒரு குரல். நானூறு தலையும் அந்தப் பக்கம் திரும்பின.

மனைவிக்கென்று எழுதிய முதல் வசனத்தை ஸ்டோர் கிளார்க் பேசினார்: "சாப்பிட்டாயா?"

ஆண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. மீசை வைத்தவர் நிலாவில் இருக்கும் பெண்டாட்டியை அப்படிக் கேட்டது அவர்களுக்கு அத்தனை வேடிக்கையாக இருந்தது. சிஸ்டர் காத்திருந்தார். சிரிப்பு அடங்கியதும், "கொண்டுவந்தது கொஞ்சம் இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா? பாலைக் காய்ச்சினீர்களா, இல்லை அப்படியே திரிந்துபோயிற்றா?" என்றார். அது பிரதியில் இல்லை. இந்தமுறை பெண்கள் சிரித்தார்கள். ஸ்டோர் கிளார்க் ஒரு கணம் திகைத்து, "திரிந்துபோயிற்று" என்றார். அதுவும் பிரதியில் இல்லை.

நான் காற்று எவ்வளவு மிச்சம் என்று சொன்னேன். சிரிப்பு குறைந்தது.

கதை நகர்ந்தது. நிலாவிலிருந்து பூமி எப்படித் தெரிகிறது என்று சிஸ்டர் சொன்னார். அடுத்த முறை நான் காற்றுக் கணக்கைச் சொன்னபோது கிடங்கில் இருமல்கூட இல்லை. அந்த அமைதியில், ஆண்கள் பக்கத்திலிருந்து நீளமாக ஒரு சீழ்க்கை வந்தது.

மேஸ்திரி எழுந்து நின்றுவிட்டார்.

சிஸ்டர் அதைப் பெட்டிக்குள்ளிருந்தே பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். பேச்சு ஒரு மூச்சளவு நின்றது. மேஸ்திரி துண்டைத் தோளில் போட்டார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல், சொல்லக் கூடாத இடத்தில் காற்றுக் கணக்கை இன்னொரு தரம் சொன்னேன்.

அப்போது ஸ்டோர் கிளார்க் அழ ஆரம்பித்தார். நடிப்பா, சீழ்க்கையைக் கேட்டுப் பயந்துபோனாரா என்று பிறகு நான் கேட்டதற்கு, தனக்கே தெரியாது என்றார். மீசை நடுங்க, "நான் என்ன செய்வேன், தனியாக நான் என்ன செய்வேன்" என்று அழுதார். சிஸ்டர் அவரைப் பார்த்து, பிரதியில் இருந்த வீர வசனத்தை விட்டுவிட்டு, டிஸ்பென்சரியில் பேசுகிற பேச்சைப் பேசினார்.

"இதோ, அவ்ளோதான். கொஞ்சம் பொறுத்துக்குங்க. என்னப் பாருங்க. வேற எங்கியும் பாக்காதீங்க. அவ்ளோதான், முடிஞ்சிடும்."

அந்தக் கிடங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு அந்த வார்த்தைகள் தெரியும். கல் விழுந்து கால் நசுங்கியபோது, கை கிழிந்து தையல் போட்டபோது, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் வலியைத் தாண்டினார்கள். சீழ்க்கை அடித்தவனைப் பக்கத்திலிருந்த கல்லுடைப்பவர் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார்.  அவன் நெற்றியிலும் சிஸ்டர் போட்ட தையல் இருந்தது.

மேஸ்திரி உட்காரவில்லை. கதவுப் பக்கமும் போகவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் காற்று தீர்ந்ததென்று நான் சொல்ல வேண்டும். நான் மேசையில் இருந்த என் பிரதியைப் புரட்டினேன். பெண்கள் பக்கத்தில் ஒரு கன்னடக்காரக் கிழவி எழுந்து நின்று, "இளிது பா மகளே, இளிது பா" என்று கை நீட்டினாள். இறங்கி வா மகளே என்று கூப்பிட்டாள். தெலுங்கில் இன்னொருத்தி அதையே சொன்னாள். நான் ஒருவழியாக என் வரியைச் சொன்னேன். சிஸ்டர் தாமே கையை நீட்டிப் பெட்ரோமாக்ஸைத் தணித்தார். நிலா இருண்டது.

யாரும் கைதட்டவில்லை. பாய்களை மிதித்துக்கொண்டு பெண்கள் எல்லோரும் பெட்டிக்குப் பின்னால் ஓடினார்கள். அவர் வெளியே வந்ததும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், காற்று வரட்டும் என்று முந்தானையால் வீசினார்கள். மேஸ்திரியால் மகளை நெருங்கவே முடியவில்லை. எனக்கு மணல் வாளி தட்டிவிடப்பட்டதுதான் கவலை.

வானொலிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நாடகத்தில் பாதி நேரம் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்ததை இன்ஜினியர் கவனித்திருந்தார்.

"தூங்கிட்டியாடா?"

"கேட்டுட்டிருந்தேன்டா. உன் பெட்டியப் பாத்தா குரல் காதுல விழல."

இன்ஜினியருக்கு அது பெரிய அடி. பலகை, வண்ணம், குமிழ், அத்தனையும் வீண். வானொலிக்காரர் மேஸ்திரியிடம் திரும்பி, அவர் மகளைக் குரல் சோதனைக்குச் சென்னைக்கு அனுப்புவாரா என்று கேட்டார்.

மேஸ்திரி துண்டைச் சரிசெய்துகொண்டார். "ரேடியோவுல மூஞ்சி தெரியாதில்லீங்களா?"

"தெரியாது."

"கூட நடிக்கிற ஆம்பளை எங்க நிப்பான்?"

"மைக்குக்கு அந்தப் பக்கம்."

"எவ்ளோ தூரம்?"

வானொலிக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

அறுபத்தெட்டு அடியை அளந்து வாங்கிய மேஸ்திரி அந்தக் கைகளையே பார்த்தார். பெண்கள் கூட்டத்துக்குள்ளிருந்து சிஸ்டரும் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி சரிந்திருந்தது. 

"நான் கூட வந்தா உள்ள வுடுவாங்களா?" என்றார் மேஸ்திரி.

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காரலாம்."

"அப்ப கடுதாசி போடுங்க, வரோம்."

ஐந்து கதைகளில் மூன்றோடு எங்கள் டெலிவிஷன் முடிந்தது. அடுத்த வாரம் மதகு வேலைக்கு மறுபடி சிமெண்ட் வந்து இறங்கிக் கிடங்கை அடைத்துக்கொண்டது. இன்ஜினியர் பிற்பாடு இன்னும் மூன்று அணை கட்டிப் பெரிய பதவியில் ஓய்வு பெற்றார். கதை எழுதவே இல்லை. எழுதியிருக்கலாம் என்று நான் சொன்னால், அன்றைக்கு நான் எழுதியதை யார் நடித்தீர்கள் என்று கேட்பார், சிரித்துக்கொண்டுதான் கேட்பார். ஸ்டோர் கிளார்க் வேலையை விட்டு மறுபடி நாடகத்துக்குப் போனார். அவர் கேட்டுக்கொண்டு போனது கதாநாயகன் வேஷம். கிடைத்ததெல்லாம் அழுகிற அண்ணன், அழுகிற தகப்பன். பிறகு சினிமாவிலும் அதுவே. பத்துப் பன்னிரண்டு படங்களில் மகளை வழியனுப்பிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். மீசையை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். என் நடிப்பு வாழ்க்கை அந்த ஒரு மாலையோடு சரி. குறையில்லை. அதன் பிறகும் வாழ்நாள் முழுக்க எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், வேறு வேறு அலுவலகங்களில்.

சிஸ்டர் சோதனையில் தேறினார். தேன்கனிக்கோட்டை மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணமாயிற்று. மேஸ்திரியும் போய் வாழ்த்திவிட்டு வந்தார். சிஸ்டர் பகலில் சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, கூப்பிட்டபோதெல்லாம் வானொலியில் நடித்தார். முதலில் மாதத்துக்கு ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்று. தாய், மருமகள், ராணி, கறிகாய்க்காரி என்று அவர் செய்யாத வேஷம் இல்லை. இருபத்தெட்டு வருஷம் அந்தக் குரல் தமிழ்நாடெங்கும் கேட்டது.

முதல் நாடகம் ஒலிபரப்பான மாலை நான் கிருஷ்ணகிரியில் இருந்தேன். அணை வேலை முடிந்து வேறு வேலைக்கு மனு போட்டுக் காத்திருந்த நாட்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் பஞ்சாயத்து ரேடியோ உண்டு. மேஸ்திரி எனக்கு முன்பே வந்து ஒலிபெருக்கிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். மாம்பழ மண்டியிலிருந்து வந்த ஐந்தாறு பேர் கூடைகளோடு இருந்தார்கள்.

நாடகம் ஆரம்பித்தது. ஒரு கிழவி பேசினாள். பல் போன கிழவி, வெற்றிலை மெல்லுகிற கிழவி.

"எம்பொண்ணு எப்ப வரும், டைம்கீப்பரு?" என்றார் மேஸ்திரி.

"இதுதாங்க உங்க பொண்ணு."

"இது கிழவிங்க."

"கிழவியா நடிக்கிறாங்க."

அவர் கழுத்தைச் சாய்த்துக் கேட்டார். கிழவி யாரையோ திட்டினாள். மண்டிக்காரர்கள் சிரித்தார்கள். மேஸ்திரியின் உதடு மெல்ல அசைந்தது. "அட, எங்க ஆத்தா வையற மாதிரியே வையுது" என்று சொல்லிவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த கூடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "யாருங்க, உங்க பொண்ணா? நாடகத்துல கீதுங்களா?"

ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு மேஸ்திரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பார்.

"வேலைக்குப் போயிருக்குது" என்றார் அவர். "மெட்ராஸ்ல. பேசற வேலை."

"பேசறதுக்குக் கூலி தராங்களா?"

"தராங்க. செத்த பேசாம இருப்பா, காதுல விழல."